கால்நடையாகக் கொண்டுசெல்லப்பட்ட தகவல்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பெயின்ட் அடிக்கிற ஒரு பெண்ணின் இடது தொடையிலிருந்த கட்டியில் பட்டாணி அளவுக்குச் சதை எடுத்து, புட்டியில் போட்டு, மூன்றாவது மாடியிலிருந்த திசுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். யாரும் நினைக்கக்கூட இல்லை என்பதுதான் உண்மை.

அந்தக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக அறிக்கைகளைத் தட்டச்சு செய்துவந்தவளை ஆஸ்பத்திரி முழுக்க 'டைப்பிஸ்ட் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட ஆறு வயது மூத்த டாக்டரும் அப்படித்தான் கூப்பிட்டார். டாக்டருக்குக் 'கண்ணாடி டாக்டர்' என்று பெயர். மூக்கின்மேல் ஒரு கண்ணாடி, மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணாடி, அதற்கடியில் சதைத் துணுக்கை ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டு. இந்த மூன்றுக்கும் அப்பால் உலகத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அவர் பார்த்துச் சொல்வார், அவள் தட்டுவாள், அவர் கையெழுத்துப் போடுவார். கெட்ட கட்டி என்று தெரிந்தால் அன்றைக்கே அறிக்கை முதல் மாடியிலுள்ள அறுவைப் பிரிவுக்குப் போய்விடும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அது மறுநாளைக்குத் தள்ளிப்போனதில்லை. அதற்காக யாரும் அவளைப் பாராட்டியதும் இல்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை எல்லாரையும் கூட்ட அரங்குக்கு வரச்சொன்னார்கள். மேடையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து அதைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். இயக்குநர் கத்தரிக்கோலோடு நெருங்கி, நாடாவோடு மின்கம்பியையும் சேர்த்து வெட்டப்போனார். கணினிப் பிரிவு அதிகாரி பாய்ந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அதிகாரி எப்போதும் குளிரூட்டிய அறையிலேயே இருப்பவர் என்பதால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். அதனால் அவருக்கு 'ஸ்வெட்டர்காரர்' என்று பெயர்.

இயக்குநர் பேசினார்.

"பழைய சிஸ்டத்துல என்ன கோளாறு? யார் வேணும்னாலும் வந்து உக்காந்து வேலை பாத்துட்டுப் போகலாம். யாரு, என்ன, ஒரு கேள்வி கிடையாது. அந்த அவல நிலை இன்னையோட ஒழிஞ்சுது! இனிமே டாக்டர், நர்ஸ், பெருக்குறவங்கன்னு வித்தியாசமே கிடையாது. எல்லாரும் யூசர். யூசர்னா எல்லாரும் சமம். யூசரா இல்லாதவங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பல. ஏன்னா அவங்களைப் பத்தி சிஸ்டத்துலயும் ஒண்ணும் இருக்காது."

கைதட்டல் அடங்க நேரமானது. தன் அறைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் மொத்தச் சேமிப்பிடத்தில் பாதியை ஒதுக்கியிருப்பதாகவும், அது பெருமைக்காக அல்ல, பொறுப்புக்காக என்றும் சொல்லி முடித்தார். ஒதுக்கிய அந்தப் பாதியில் அன்று சாயங்காலம் நாடா வெட்டிய படங்கள் பதினாலு ஏற்றப்பட்டன.

டைப்பிஸ்ட் அக்கா மாடியேறி வந்தபோது அவளுடைய பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அது இருந்த இடம் தூசியில்லாமல் நாலு மூலையும் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் புதுசு ஒன்று உட்கார்ந்து, 'பயனர் பெயரை உள்ளிடுக' என்று கேட்டது. அந்தப் பெயரும் கடவுச்சொல்லும் மூடிய உறையில் ஒவ்வொருவருக்கும் வந்துசேரும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாருக்கும் வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஸ்வெட்டர்காரரிடம் போனாள்.

"என் கவர் வரலையே தம்பி."

அவர் திரையைப் பார்த்தார். "வந்துடுச்சே. உங்க பேருல குடுத்தாச்சுன்னு காட்டுது."

"அது துணிக்கிடங்குல படுக்கை விரிப்பெல்லாம் எண்ணி வைக்கிற அம்மாவுக்குப் போயிருக்கு. அவங்களுக்கும் எனக்கும் ஒரே பேரு, ஒரே இனிஷியல்."

"ஒரே பேருல ரெண்டு யூசர் இருக்க முடியாதுக்கா."

"இருக்கோமே."

"அப்படி இருந்ததுதான் தப்பு. தரைத்தளத்துலேருந்து மேல குடுத்துக்கிட்டே வந்தோம். அவங்க கீழ இருக்காங்க, முதல்ல கிடைச்சுடுச்சு. நீங்க மூணாவது மாடி."

"இப்ப என்ன செய்யறது?"

"புகார் குடுங்க. சிஸ்டம் உள்ள போனீங்கன்னா இடது பக்கம் புகார்னு இருக்கும்."

"உள்ள போக முடியலைங்கறதுதானே புகாரு?"

ஸ்வெட்டர்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். கெட்டவர் இல்லை, தன் குவளையிலிருந்து பாதித் தேநீரை அவளுக்கு ஊற்றிக்கூடக் கொடுத்தார். "அக்கா, நீங்க என் முன்னாடி நிக்கறீங்க, அது எனக்குத் தெரியுது. ஆனா எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அதுக்குத் தெரியணும்ல."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் கண்ணாடி டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். சாப்பாட்டு நேரம் தவிர அவர் தலையைத் தூக்கியது அபூர்வம்.

"அக்கா, இந்தத் தொடைக் கட்டி மோசமான ரகம். வேகமா வளரும். ஆனா இன்னும் சின்னதாதான் இருக்கு, எலும்பைத் தொடல. பத்து நாளுக்குள்ள கட்டியை மட்டும் வெட்டியெடுத்துட்டா கால் தப்பிச்சுக்கும். தட்டுங்க."

"எதுல தட்டறது டாக்டர்? நான் உள்ள போக முடியாது. உங்க கணக்குல போட்டுக்கட்டுமா?"

டாக்டர் தன் உறையைப் பிரித்துக் காட்டினார். அவர் 'கையெழுத்திடும் பயனர்'. யாராவது தட்டச்சு செய்து வைத்ததற்குக் கையெழுத்துப் போடலாம். தானாக ஓர் எழுத்துக்கூட எழுத முடியாது.

அன்று பத்தரை மணிக்குத்தான் அந்தப் பெண்ணின் அண்ணன் முதல்முறையாகக் கூடத்தின் ஜன்னலுக்கு வந்தான். குழாய் வேலை செய்கிறவன். தோளில் ஸ்பேனர்கள் குலுங்கும் சாக்குப் பை. தங்கையும் அவனும் ஒரே கட்டடங்களில்தான் வேலை செய்வார்களாம். அவன் குழாய் பதித்து முடித்ததும் அவள் வந்து சுவருக்கு வண்ணம் அடிப்பாளாம். தாய் தகப்பன் இல்லை, அவளுக்கு அவன், அவனுக்கு அவள். இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, "ரிப்போர்ட் வந்துடுச்சாக்கா?" என்றான்.

"இன்னும் வரல தம்பி."

பொய்யில்லை. அறிக்கை வரவில்லை. என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

புதன்கிழமை டாக்டர் பழக்கத்தை மீறி, ஒரு வெள்ளைத்தாளில் தன் கையாலேயே அறிக்கையை எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி அறுவைப் பிரிவுக்குப் போனாள். அங்கே தேதி கொடுக்கிற எழுத்தர் அதை இரண்டு விரலால் வாங்கிப் பார்த்தார்.

"என்னக்கா இது?"

"ரிப்போர்ட்டு."

"இது காகிதம். ரிப்போர்ட்டுன்னா ஸ்கிரீன்ல வரும்."

அவரிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்து நேராக அறுவை மருத்துவரிடமே போனாள். அவர் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சீக்கிரம் பண்ணணும்தான். ஆனா அக்கா, நான் இதைப் பாத்தேன்னு வெளியில சொல்லிடாதீங்க. பாத்தேன்னு தெரிஞ்சா, ஏன் பண்ணலைன்னு என்னைக் கேப்பாங்க. பாக்கலைன்னா என்மேல தப்பில்ல, இல்லையா?"

தாளை நாலாக மடித்து அவள் கையில் வைத்து, கையை மூடியும் விட்டார்.

வியாழக்கிழமை அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. 'நோயாளி தொடர்பான மருத்துவத் தகவலை, அங்கீகரிக்கப்பட்ட சிஸ்டத்துக்கு வெளியே, கால்நடையாக, இரண்டு தளங்கள் கொண்டுசென்றமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று மூன்று வேலை நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள். கூடவே, கொண்டுசெல்லப்பட்ட பொருளையும் ஒப்படைக்க வேண்டுமாம்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் வாங்கிய முதல் குறிப்பாணை அது. அவளுடைய மகள் அதே ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஊழியர் பிள்ளைகளுக்கான இடத்தில் சேர்ந்தவள். அம்மா ஊழியர் இல்லை என்றானால் அந்த இடமும் இல்லை. கணவனிடம் சொன்னபோது அவர் சுருக்கமாக, "உனக்கெதுக்கு ஊர் வம்பு? ரெண்டு மாடி இறங்கி ஏறுனா மெடல் குத்துவாங்கன்னு நினைச்சியா?" என்றார்.

வெள்ளிக்கிழமை குழாய்க்காரன் வந்தபோது கூடத்தின் கைகழுவும் தொட்டியில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக அது ஒழுகுகிறது. யாரும் கேட்காமலே உள்ளே வந்து, பையைத் திறந்து, பத்து நிமிஷத்தில் சரிசெய்தான். கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? புதன்கிழமை டாக்டர் என்னமோ எழுதிக் குடுத்தாரே, நீங்க எடுத்துக்கிட்டுக் கீழ போனீங்களே. அது எங்க பாப்பாவோடதா? அதைக் குடுங்கக்கா. இங்க நேரமாகும்னா வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான்.

தாள் அவளுடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அவன் பேசப்பேச அவள் கை தானாக இழுப்பறையின் பிடிமேல் போனது. இழுத்தால் போதும். எடுத்து நீட்டினால் போதும்.

"எந்தக் காகிதம்? அது வேற யாரோடதோ தம்பி" என்றாள். "உங்களுது திங்கட்கிழமை வந்துடும்."

"நீங்க சொன்னா சரிக்கா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் வெகுநேரம் இழுப்பறைப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளையும் மன்னிப்புக் கடிதத்தையும் நிர்வாகத்தில் ஒப்படைத்தாள். வாங்கிய பெண் மன்னிப்பைக் கோப்பில் செருகினாள். தாளை, சிஸ்டத்துக்கு வெளியிலுள்ள காகிதங்களுக்கென்று வாங்கிய புது இயந்திரத்தில் போட்டாள். அது நூல் நூலாக வெளியே வந்தது. நன்றாக வேலை செய்கிறது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

பெயர்த் தகராறைத் தீர்க்கப் 'பயனர் கணக்கு அனுமதிக் குழு' என்று ஒன்று இருந்தது. ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் கூடும். அந்தச் செவ்வாய் கூடுகிற செவ்வாய் இல்லை. அடுத்த செவ்வாய் அவள் போய் நின்றபோது கண்ணாடி டாக்டர் சொன்ன பத்து நாள் கடந்து நாலு நாளாகியிருந்தது. குழுவில் மூன்று பேர். நடுவிலிருந்தவர் கேட்டார்.

"நீங்க எந்த வகை யூசர்? நிர்வாகியா, சாதாரணமா, கையெழுத்தா, விருந்தினரா?"

"டைப்பிஸ்ட்டுங்க."

மூவரும் பட்டியலைத் தேடினார்கள். "அப்படி ஒரு வகை இல்லையேம்மா. டைப்பிஸ்ட் என்ன வேலை செய்வாங்க?"

"டைப் அடிப்போம்."

"அதை எல்லாரும்தானே அடிக்கறாங்க இப்ப? கம்ப்யூட்டர்னாலே அடிக்கறதுதானே?" என்றார் இடப்பக்கம் இருந்தவர். தான் ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி மற்ற இருவரையும் பார்த்தார். அவர்களும் குறித்துக்கொண்டார்கள்.

"ஐயா, ஒரு பொண்ணோட கால் போயிடுங்க. ரிப்போர்ட்டு அடிக்கணும்" என்றாள் அவள்.

நடுவிலிருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாருங்கம்மா. உணர்ச்சிவசப்பட்டுக் கணக்குத் திறந்தோம்னா நாளைக்கு இந்த சிஸ்டத்தை யார் மதிப்பாங்க? நாங்க மூணு பேரும் நோயாளியோட நன்மைக்காகத்தான் இங்க உக்காந்திருக்கோம். அதனாலதான் எந்த நோயாளியைப் பத்தியும் பேசறதில்லைன்னு முதல் கூட்டத்துலயே தீர்மானம் போட்டுட்டோம்."

விருந்தினர் கணக்கு தரலாம் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை அந்தக் கணக்கு கிடைத்தது. அவள் உள்ளே போய், டாக்டர் சொல்லச்சொல்ல அறிக்கையை ஒரே மூச்சில் அடித்தாள். டாக்டர் கையெழுத்திடுவதற்காக அவள் வெளியேறி, அவர் உள்ளே நுழைந்தார். அறிக்கை அங்கே இல்லை.

"விருந்தினர்னா வந்துட்டுப் போறவங்கதானேக்கா" என்றார் ஸ்வெட்டர்காரர். "அவங்க கிளம்புனதும் இடத்தைத் துடைச்சுடும். சுத்தமா இருக்கும்."

"அப்ப நான் கிளம்பாமலே இருந்தா?"

"இருக்கலாம். ஆனா சேமிக்க உங்க கூடத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கணும். உங்க கூடத்துக்கு..." தேடினார். "பூஜ்யம். கட்டில் எண்ணிக்கைப்படி இடம் பிரிச்சிருக்கு. பத்துக் கட்டில் இருந்தா பத்துப் பங்கு. உங்ககிட்ட கட்டிலே இல்லையே."

"பரிசோதனைக் கூடத்துல கட்டில் எதுக்கு?"

"அதைத்தான் சொல்றேன். எதுக்குன்னு நினைச்சுதான் இடம் குடுக்கல."

கண்ணாடி டாக்டர் இதைக் கேட்டு அன்று முழுக்க மைக்ராஸ்கோப்பைத் தொடவில்லை. மறுநாள் காலை வந்ததும் வராததுமாக, "ஒரு கட்டில் கேட்டு எழுதிக் குடுங்க அக்கா" என்றார். அவர் விளையாட்டாகப் பேசுகிறவர் இல்லை.

திங்கட்கிழமை இரும்புக் கட்டில் ஒன்று வந்தது. மெத்தை வந்தது. துணிக்கிடங்கு அம்மாவே படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து விரித்துவிட்டு, "உங்க பேருல எனக்கு ஒரு கணக்கு வந்துடுச்சு, மன்னிச்சுக்கங்க. நான் அதை இதுவரைக்கும் தொறந்தே பாக்கல. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றாள். டைப்பிஸ்ட் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கணக்கைக் கேட்டாள். அந்த அம்மா உடனே கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டாள். உள்ளே போனால், படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை என்று மூன்று கட்டங்கள் மட்டும் இருந்தன. தொடைக் கட்டியை எந்தக் கட்டத்திலும் எழுத முடியவில்லை.

கட்டில் வந்தும் இடம் திறக்கவில்லை. காலிக் கட்டில் கட்டில் ஆகாதாம். ஒரு நோயாளி மூன்று நாள் தொடர்ந்து படுத்திருந்தால்தான் அது கணக்கில் ஏறும். ஸ்வெட்டர்காரர் ஜன்னலருகே நின்று இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளிப் பெஞ்சியிலிருந்து குழாய்க்காரன் எழுந்துவந்தான்.

"நான் படுத்துக்கறேன்க்கா. தினமும் இங்கதானே உக்காந்திருக்கேன், படுத்தா என்ன?"

செவ்வாய்க்கிழமை காலை அவனை நோயாளியாகச் சேர்த்தார்கள். என்ன நோய் என்று சிஸ்டம் கேட்டது. பட்டியல் அகர வரிசையில் இருந்தது. அவசரத்தில் முதலில் கண்ணில் பட்டதை அழுத்தினார்கள். அவனுக்கு அக்கி என்று பதிவாயிற்று. அவனுடைய சட்டையைக் கழற்றவைத்து ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிட்டார்கள். வேளை தவறாமல் ஒரு நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்தாள், உடம்பெங்கும் தேடினாள், 'அக்கி மறைந்துவருகிறது' என்று எழுதிக்கொண்டு போனாள். சதைப் புட்டிகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே, நல்ல திடகாத்திரமான ஆள் ஒருவன், எழுந்தால் கணக்கு விட்டுப்போகும் என்று அசையாமல் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

மத்தியானம் அவன் தங்கை அவனுக்குச் சாப்பாடு எடுத்துவந்தாள். சிஸ்டத்தின்படி அவன் நோயாளி, அவள் பார்வையாளர். பார்வையாளர்களுக்கு லிப்ட் கிடையாது. இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூன்று மாடி ஏறி வந்தாள். டைப்பிஸ்ட் அக்கா அவளை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். காதோரத்து முடியில் வெள்ளைப் பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. முகம் வேர்த்துக்கொட்டியது, சிரித்தாள்.

"பொறந்ததுலேருந்து எங்கண்ணன் இப்படி ஓய்வா படுத்து நான் பாத்ததே இல்லக்கா. உடம்பு எப்படிண்ணா இருக்கு? அக்கி கொறைஞ்சுதா?"

"கொறைஞ்சுக்கிட்டு வருதாம்" என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள். கண்ணாடி டாக்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கிளம்பும்போது அவள் டைப்பிஸ்ட் அக்காவின் மேசையருகே நின்றாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, நெசமாவே ரிப்போர்ட்டு வரலையா? இல்ல, வந்தும் சொல்ல மாட்டேங்கறீங்களா? சாரத்துல ஏற முடியல இப்பல்லாம். அண்ணன்கிட்ட சொல்லல."

கட்டி பெரிதாகிவிட்டது என்பதற்கு மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை. பாவாடைக்கு மேலேயே தெரிந்தது.

"வரலைம்மா" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. "வெள்ளிக்கிழமை வந்துடும்."

அந்தப் பெண் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை இடம் திறந்தது. ஒரு கட்டிலுக்கான பங்கு. அறிக்கையை அவள் அடித்துச் சேமித்தாள், டாக்டர் கையெழுத்திட்டார், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அது அறுவைப் பிரிவின் திரைக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே தேதியைச் சிஸ்டமே போட்டுக்கொண்டது. அன்றைய தேதி. கண்ணாடித் துண்டைப் பார்த்த தேதியைப் போட வேண்டும் என்று டாக்டர் ஸ்வெட்டர்காரரைக் கூப்பிட்டுச் சத்தம்போட்டார். "தேதியை மனுஷங்க போட்டா தப்பு வருது டாக்டர், அதனாலதான் அந்த வசதியை எடுத்துட்டோம்" என்றார் அவர்.

குழாய்க்காரன் கட்டிலிலிருந்து குதித்து இறங்கி, டைப்பிஸ்ட் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அடுத்த புதன்கிழமை அறுவை நடந்தது. கட்டி எலும்புக்குள் இறங்கியிருந்தது. காலை இடுப்புக்குச் சற்றுக் கீழே எடுத்தார்கள். அறுவை மருத்துவர் தன் குறிப்பில், 'அறிக்கை கிடைத்த ஐந்தாம் நாளே சிகிச்சை அளிக்கப்பட்டது' என்று எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மாசக் கடைசிக் கூட்டத்தில் இயக்குநர் வெள்ளைத் திரையில் ஒரு படம் காட்டினார். "நண்பர்களே, திசுப் பரிசோதனைக் கூடத்துல இந்த மாசச் சராசரி தாமதம் என்ன தெரியுமா? பூஜ்யம்! ரிப்போர்ட்டு எந்தத் தேதியில எழுதப்பட்டுதோ அதே தேதியில எழுதப்பட்டிருக்கு. பழைய சிஸ்டத்துல இதைக் கனவு கண்டிருக்க முடியுமா? அது மட்டுமில்ல. ஒரு கட்டில்கூட இல்லாத அந்தக் கூடம் இப்ப நாலு கட்டில், நாலு நோயாளிகளோட நிறைஞ்சு வழியுது."

நாலு பேரும் வேறு வேறு அறிக்கைகளுக்காகக் காத்திருந்தவர்களின் அண்ணன், புருஷன், மகள், மாமனார். நாலு பேருக்கும் அக்கி.

டைப்பிஸ்ட் அக்கா எழுந்து நின்றாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஐயா, பூஜ்யம் இல்லைங்க. இருபத்திநாலு நாள்."

"யாரும்மா நீங்க?"

ஸ்வெட்டர்காரர் குனிந்து அவர் காதில் சொன்னார். இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"ஓ, விருந்தினரா! விருந்தினரைக் கவனிக்கறதுல இந்த ஆஸ்பத்திரி என்னைக்குமே குறை வச்சதில்ல. உக்காருங்கம்மா, டீ வரும்."

தேநீர் வந்தது. அவள் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த இருவர் தங்கள் நாற்காலிகளைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் பெண்கள் வார்டுக்குப் போனாள். வரிசையில் கடைசிக் கட்டில். போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தது. கண்ணை அங்கே போகவிடாமல் முகத்தைப் பார்த்தாள். காதோரத்துப் பெயின்டை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள்.

"வாங்கக்கா, உக்காருங்க" என்றாள் அந்தப் பெண்.

டைப்பிஸ்ட் அக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த முதல் செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதை, டாக்டர் கையால் எழுதிக் கொடுத்ததை, அதை இழுப்பறையில் வைத்துக்கொண்டே அவள் அண்ணனிடம் இல்லையென்று சொன்னதை, பிறகு அது நூல் நூலாகக் கிழிந்ததை. குறிப்பாணையைச் சொன்னாள். மகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, அது மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

முடிந்ததும் அந்தப் பெண் கேட்டாள்.

"அன்னைக்கே அந்தக் காகிதத்தைக் குடுத்திருந்தா கால் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு யாரோ ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்தது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கண்ணில் தண்ணீர் இல்லை.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா. சோறு எடுத்துட்டு வந்தேனே, அன்னைக்கு. எங்கண்ணனுக்குத் தெரியாது. அவனுக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில ஒருத்தங்களுக்காவது மனசுன்னு ஒண்ணு இருந்துச்சு, அந்த டைப்பிஸ்ட் அக்காவுக்குன்னு தினமும் சொல்லிக்கிட்டு இருக்கான். எனக்குக் கால் போச்சு. அவனுக்கு இதுவாவது இருந்துட்டுப் போகட்டும். அவன்கிட்ட சொல்லாதீங்க. அவன் வர்ற நேரம், கிளம்புங்க."

"என்னால முடியலம்மா. அவர்கிட்டயும் சொல்லிட்டா..."

"உங்களுக்கு லேசாயிடும். அதுக்காக வந்தீங்களா?"

அந்தப் பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

படிக்கட்டில் பாதி இறங்கியபோது அவன் எதிரே வந்தான். கையில் தூக்குப் பாத்திரம். அவளைக் கண்டதும் நின்று, முகமெல்லாம் சிரித்தான்.

"பாப்பாவைப் பாக்க வந்தீங்களாக்கா? எனக்குத் தெரியும், நீங்க வருவீங்கன்னு. அவகிட்ட சொன்னேன்."

அவள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"சாப்பாடு ஆறிடப்போகுது தம்பி. போங்க" என்றாள்.

அவன் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போனான். அந்தச் சத்தம் ஓயும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு இறங்கினாள்.